தோட்டப்புற ஊரிலிருந்து நூலக, ஆவண முதுகலைக்கு: எங்கே தொடங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் மாதிரியான ஊரில் இளங்கலை முடித்த ஒருவர், "மேற்கொண்டு நூலக அறிவியல் படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "புத்தகம் அடுக்குறதுக்கு மாஸ்டர்ஸ் எதுக்கு?" என்பதுதான். கேட்பவர்கள் அக்கறையில்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும், பல்கலைக்கழகத்திலும் நம்பிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் என்னென்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தைப் பற்றி அரசாங்கம் எழுதிவைத்த கோப்புகளைக் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும், லண்டனில் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் காப்பகத்திலும் தேடிப் படிக்கலாம். ஆனால் அதே ஆண்டில், அதே வட்டாரத்தில் பால்மரம் சீவி ரப்பர்ப் பால் எடுத்த ஒரு குடும்பத்தைப் பற்றி எழுத்தில் என்ன இருக்கிறது? கிராணியார் (தோட்ட எழுத்தர்) எழுதிய செக்ரோல் என்ற வருகை, சம்பளப் பதிவேடு, ஆலயத் திருவிழாவின் வரவு செலவு நோட்டு, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தொழிற்சங்கக் கிளைக்கு வந்த கடிதங்கள், 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா வாங்கிய பங்கின் சான்றிதழ். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்திலும், அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்பு வந்தபோதும் இவற்றில் எவ்வளவோ குப்பைக்குப் போயிற்று. மிச்சம் இருப்பது யாரோ ஒருவர் வீட்டு அலமாரியின் மேல் இருக்கிறது, அல்லது ஆலய ஸ்டோரில் இருக்கிறது.

இவற்றைப் படிக்கத் தமிழ் வேண்டும். கெடாமல் வைத்து, பட்டியலிட்டு, பிறர் தேடி எடுக்கும்படி செய்ய முறையான பயிற்சி வேண்டும். இரண்டும் உள்ள ஆட்கள் நம்மிடம் மிகக் குறைவு. அதனால்தான் நான் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே விஷயத்தை முதலில் சொல்கிறேன்: விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், உங்கள் ஊரிலேயே ஒரு சின்னத் தொகுப்பைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். இந்தத் துறை உங்களுக்குச் சரிவருமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நூலகமா, ஆவணமா?

இரண்டும் ஒரே துறையில் கற்பிக்கப்பட்டாலும் வேலை வேறு. நூலகத்திலுள்ள புத்தகத்துக்கு வேறு இடங்களிலும் படிகள் இருக்கும். அதைப் பொருள்வாரியாகப் பிரித்து, எண் கொடுத்து, வாசகர் கைக்குச் சேர்ப்பது நூலகரின் வேலை. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளை இன்றும் உலகம் முழுதும் முதல் பருவத்திலேயே பாடமாக வைக்கிறார்கள். நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. நூலகம் வளரும் உயிர். நேர்காணலுக்குப் போகுமுன் இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எந்த விதி நடக்கிறது, எது நடக்கவில்லை என்று பாருங்கள். தமிழ் அலமாரியில் இருப்பது எத்தனை, அதை எடுப்பது யார் என்று கவனித்தாலே சொல்ல விஷயம் கிடைத்துவிடும்.

ஆவணம் வேறு மாதிரி. அதற்குப் பெரும்பாலும் இன்னொரு படி கிடையாது. அதன் பொருள் அதில் எழுதியிருப்பதில் மட்டும் இல்லை, அது எந்தக் கட்டில், எதற்கு அடுத்து இருந்தது என்பதிலும் இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் கிராணியார் ஒரே நாடாவில் கட்டிவைத்த தாள்களைப் பாருங்கள்: ஒரு விபத்துக் கடிதம், அதன் கீழே மருத்துவமனைச் சீட்டு, அதன் கீழே சம்பளப் பிடித்தக் கணக்கு. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு தொழிலாளிக்கு என்ன நடந்தது என்று புரியும். கடிதமெல்லாம் ஒரு பெட்டி, கணக்கெல்லாம் ஒரு பெட்டி என்று பிரித்துவிட்டால் கதை அத்தோடு போயிற்று. ஆவணங்களை உருவாக்கியவர் யார் என்பதைக் கலக்காதே, அவர் வைத்த வரிசையைக் கலைக்காதே என்ற இந்த இரண்டு நெறிகளையும் 1898-இல் மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் நூலாகவே எழுதி வைத்தார்கள். துறை இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஊரிலேயே ஒரு சின்னத் தொகுப்பு

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆலயம் நல்ல தொடக்கம். ஒரு குடும்பத்தின் பெட்டியும் சரிதான். பள்ளிப் பதிவேடுகளைத் தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். அரசு அலுவலகக் கோப்பு எங்கேயாவது கண்ணில் பட்டால் அது வேறு கணக்கு: 2003-ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, தலைமை இயக்குநரின் அனுமதி இல்லாமல் பொதுப் பதிவேடுகளை அழிக்கக்கூடாது.

ஆலயத் தலைவரிடம் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது, "ஐயா, எதையும் வெளியே எடுத்துப் போக மாட்டேன். இங்கேயே உட்கார்ந்து பட்டியல் போட்டு, ஒரு படியை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்" என்பது. பழைய கணக்கு என்றாலே நிர்வாகச் சண்டை ஞாபகம் வரும் ஊர்கள் உண்டு. நீங்கள் கணக்குப் பார்க்க வரவில்லை, காப்பாற்ற வந்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும். செயலாளர், பொருளாளர் இருவருக்கும் தெரிந்து செய்யுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது எதையும் தொடுமுன் இருக்கிற நிலையிலேயே கைப்பேசியில் படம் எடுங்கள். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தக் கட்டு மேலே இருந்தது என்று தெரியட்டும். அப்புறம் ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண். எழுதுவது பென்சிலால், அதுவும் தனித்தாளில். மூலத்தில் பேனா படக்கூடாது. துருப்பிடித்த குண்டூசி, கிளிப், ரப்பர் பேண்ட் இவற்றை மெதுவாக எடுத்துவிடலாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. லேமினேட் செய்வதும் அப்படித்தான். கையுறை கட்டாயமில்லை. தாளுக்குக் கழுவி உலர்ந்த கையே நல்லது, புகைப்படத்துக்கு மட்டும் நைட்ரைல் கையுறை போடுங்கள். பூஞ்சை படிந்த கட்டு இருந்தால் முகக்கவசம் போட்டு, அதை மற்றவற்றிலிருந்து தனியே வையுங்கள்.

நம் நாட்டுப் பருவநிலை தாளுக்கு எதிரி. காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நிலைத்தால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நம் ஊரில் அது அன்றாட நிலைமை. குளிர்சாதன அறைக்கு ஆலயத்தில் வழியிருக்காது. பரவாயில்லை, பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தாலே பாதிச் சேதம் குறையும். கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் முதல் மருந்து. விளக்குப் புகையும் கற்பூரப் புகையும் படாத அறையாக இருந்தால் இன்னும் நல்லது.

இனி பட்டியல். ஆவண விவரிப்புக்கென்று அனைத்துலக ஆவண மன்றம் வகுத்த தரம் ஒன்று உண்டு. அதிலுள்ள முக்கியமான கூறுகளை எக்செலில் போட்டாலே போதும்: குறியீட்டு எண், தலைப்பு, காலம், எவ்வளவு இருக்கிறது, உருவாக்கியவர் யார், எப்படி இங்கே வந்தது, உள்ளே என்ன, யார் பார்க்கலாம், எந்த மொழி. முதலில் முழுத் தொகுப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அப்புறம் கட்டுக்கட்டாக, தேவைப்பட்டால் தாள் தாளாக இறங்குங்கள். புதியவர்கள் பலர் முதல் நாளே தாள் தாளாக எழுத ஆரம்பித்து ஒரு வாரத்தில் களைத்துப் போகிறார்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு மட்டுமே முடிகிற வேலை இங்கேதான் இருக்கிறது. பழைய கணக்குப் புத்தகத்தில் தேதி "சர்வதாரி ஆடி" என்று இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சி தெரிந்தால் அது 1948-ஆம் ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட் என்று பிடிக்கலாம். தாளின் வயதைப் பார்த்தால் 2008 அல்ல என்றும் உறுதியாகும். ௵ என்றால் வருடம், ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௸ என்றால் மேற்படி. இந்தக் குறிகளும் தமிழ் எண்களும் வரும் பக்கத்தை, மொழி தெரியாத காப்பாளர் "அடையாளம் தெரியாத கையெழுத்து" என்று எழுதிவைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும். பட்டியலில் மூலத்தில் உள்ள தேதியையும் ஆங்கிலத் தேதியையும் இரண்டையும் பதியுங்கள்.

பெயர்கள் இன்னும் சிக்கல். முனியாண்டி என்பவர் செக்ரோலில் ஒரு எழுத்துக்கூட்டலில் இருப்பார், அடையாள அட்டையில் வேறொன்று, மரணச் சான்றிதழில் மூன்றாவது ஒன்று. தந்தை பெயர் முன்னெழுத்தாக ஓரிடத்தில், ஏ/எல் (இன்னாரின் மகன்) போட்டு முழுதாக இன்னோரிடத்தில். ஒரே ஆளின் எல்லா வடிவங்களையும் ஓர் இடத்தில் இணைத்துவைக்கும் பெயர்க் கட்டுப்பாட்டுப் பதிவு என்ற முறையை முதுகலையில் விரிவாகச் சொல்லித் தருவார்கள். இப்போதைக்குத் தனித் தாளில் ஒரு பெயர்ப் பட்டியலைத் தொடங்குங்கள். கோலாலம்பூரிலிருந்து கொள்ளுத்தாத்தாவைத் தேடி வரும் பேத்திக்கு அந்தத் தாள்தான் வழி காட்டும்.

ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் எழுத்துத் தாளுக்குக் குறைந்தது 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. மூலப்படியை டிஃப் (TIFF) வடிவில் வைத்து, பகிர்வதற்கு மட்டும் ஜேபெக் எடுங்கள். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். ஆலயக் கணினியில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய மலர்களும் அறிக்கைகளும் இருந்தால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குறிகள்தான் தெரியும். எந்த எழுத்துரு என்று எழுதிவைத்து, யூனிகோடுக்கு மாற்றிய படியையும் சேர்த்துவையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடையாள அட்டை எண், நோய் விவரம், குடும்பச் சண்டை, காவல் புகார் இவை உள்ள தாள்களைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது என்றால் பட்டியலில் "பார்வைக்குக் கட்டுப்பாடு" என்று மட்டும் எழுதுங்கள். இந்த ஒழுக்கம் இல்லாதவருக்கு ஊரில் இரண்டாவது பெட்டியை யாரும் திறந்து காட்ட மாட்டார்கள்.

எங்கே படிக்கலாம்?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நூலக, தகவல் அறிவியல் முதுகலை 1987 முதல் நடக்கிறது. மலேசிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் இதே முதுகலை உண்டு. இந்த நாட்டில் நூலகக் கல்வி 1968-இலேயே தொடங்கியது இன்றைய யூஐடிஎம் எனப்படும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்தான். ஆனால் உள்நாட்டு மாணவர் சேர்க்கை அங்கே பூமிபுத்ராக்களுக்கானது (மலாய்க்காரர்கள், பூர்வகுடிகள்) என்பதால் நம்மில் பெரும்பாலோருக்கு அது வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு நேரத்தை மற்ற இரண்டிலும் செலவழியுங்கள்.

இளங்கலை எந்தத் துறையாக இருந்தாலும் தடையில்லை. வரலாறு, தமிழ், கணினி, வணிகம் எதிலிருந்தும் வரலாம். பொதுவான தகுதி நிலை 2.50 சிஜிபிஏ. பல்கலைக்கழகம் அதைவிடக் கூட்டிக் கேட்கலாம், ஆகவே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பிரிவில் கேட்டுவிடுங்கள். பட்டம் இல்லாமல் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு ஏப்பெல் என்ற, முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சேர்க்கும் வழி இருக்கிறது. முப்பது வயது ஆகி, எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமாவும் தொடர்புள்ள பணி அனுபவமும் இருந்தால், மதிப்பீட்டில் தேறி முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி வளநிலையத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்த அக்காமார்கள் இதைக் கேள்விப்படாமலேயே இருக்கிறார்கள்.

ஆவணத்தை மட்டுமே ஆழமாகப் படிக்க விரும்பினால் வெளிநாட்டையும் பாருங்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகமும் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகமும் ஆவண, பதிவேட்டுத் துறையைத் தொலைநிலைக் கல்வியாகவே நடத்திவருபவை. வேலையை விடாமல் படிக்க நினைப்பவருக்குப் பொருந்தும், ஆனால் கட்டணம் பவுண்டில். தமிழ்நாட்டில் எம்.எல்.ஐ.எஸ். என்ற நூலக, தகவல் அறிவியல் முதுகலைப் படிப்பு பல பல்கலைக்கழகங்களில் உண்டு, செலவும் குறைவு. எங்கே போனாலும் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பட்டத்தை எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகரிக்கிறதா, அரசு வேலைக்குப் பொதுச் சேவைத் துறை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

செலவுக்கு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) ஒரு வழி. கல்விக்காக அதிலுள்ள செஜாத்ரா என்ற பிரிவிலிருந்து எடுக்கலாம். உங்கள் கணக்கிலிருந்தும் எடுக்கலாம், அப்பா அம்மா தங்கள் கணக்கிலிருந்து பிள்ளைக்காகவும் எடுக்கலாம். முழுநேரமா பகுதிநேரமா என்று முடிவெடுக்குமுன் வகுப்பு நேர அட்டவணையைக் கேளுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில் போய்வருவது வாரம் ஒருமுறை என்றால் தாங்கும், மூன்று முறை என்றால் தாங்காது.

நோக்கக் கடிதம்

"சிறுவயது முதலே எனக்குப் புத்தகம் என்றால் உயிர்" என்று தொடங்கும் கடிதங்களைத் தேர்வுக் குழு நிறையப் பார்த்திருக்கும். நீங்கள் போட்ட பட்டியல் இப்போது உதவிக்கு வரும். எந்தத் தொகுப்பு, எந்த நிலையில் இருந்தது, என்ன முடிவெடுத்தீர்கள், எங்கே திணறினீர்கள், அந்தத் திணறலைத் தீர்க்க இந்தப் படிப்பின் எந்தப் பாடம் வேண்டும். இவ்வளவுதான் கடிதம். தேதியைப் பிடித்த விதம், பெயர்ச் சிக்கல் போன்ற ஒன்றை எடுத்து விரிவாக எழுதுங்கள். பட்டியலின் இரண்டு பக்கத்தை இணையுங்கள், தனிப்பட்ட விவரங்களை மறைத்துவிட்டு.

உள்ளே போனால் என்ன படிப்பீர்கள்?

பகுப்பு, பட்டியலாக்கம், தகவல் தேடல், தரவுத்தளம், ஆய்வு முறை, நிர்வாகம், மின்னாவணப் பாதுகாப்பு. பாதிக்கு மேல் கணினியோடுதான். நூல்களுக்கு எண் கொடுக்கும் டூயி (Dewey) பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் வரும். நூலகத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், முறை புரிய ஆரம்பிக்கும். தமிழ் நூலை அனைத்துலகப் பட்டியலில் ஏற்றும்போது தலைப்பை ரோமன் எழுத்திலும் எழுதுவார்கள். அந்த முறையில் ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல் எழுத்து வரும், நாம் வழக்கமாக எழுதுகிற மாதிரி வராது. தேடும்போது நூல் கிடைக்கவில்லை என்றால் பல நேரம் காரணம் இதுதான். கோஹா என்ற நூலக மென்பொருளும், ஆவண விவரிப்புக்கான ஆட்டம் (AtoM) என்ற மென்பொருளும் இலவசம். இரண்டின் மாதிரித் தளத்திலும் முன்கூட்டியே கை வைத்துப் பழகினால் முதல் பருவம் பாரமாகத் தெரியாது.

ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். 1924-இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்ற தமிழ் நேசன் நாளிதழின் படிகள் எங்கெங்கே எந்த நிலையில் இருக்கின்றன என்று தேடுவதே ஒரு நல்ல ஆய்வு. 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூலின் ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். உங்கள் மாவட்டத்து ஆலய மலர்களிலும் பள்ளி மலர்களிலும் எத்தனை போயிருக்கின்றன என்று பார்ப்பது இன்னொன்று. இலங்கைத் தமிழர்கள் 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம் வழியாக 2005 முதல் தங்கள் ஆவணங்களை மின்னாக்கிவருகிறார்கள், மலையகத் தோட்டங்களைப் பற்றியவையும் அதில் உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பணியையும் சேர்த்துப் பாருங்கள்.

படிப்புக்குப் பிறகு

அரசுப் பணியில் நூலக அதிகாரி, ஆவணக் காப்பக அதிகாரி என்ற பதவிகளின் தரம் முன்பு எஸ்41, புதிய சம்பள முறையில் எஸ்9. பொதுச் சேவை ஆணையத்தின் இணையப் பதிவில் சேர வேண்டும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாய்மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் இந்தக் கதவு திறக்காது. அதில் குறைவு என்றால் முதுகலைக்கு முன்னாலேயே அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதிவிடுங்கள். இடங்கள் அதிகம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். பல்கலைக்கழகங்கள், மாநில நூலகங்கள் தவிர வங்கி, வழக்கறிஞர் நிறுவனம், மருத்துவமனை, பெருந்தோட்ட நிறுவனத் தலைமையகம் எல்லாவற்றிலும் பதிவேட்டு நிர்வாகத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. வேலை விளம்பரத்தில் "நூலகம்" என்ற சொல் இருக்காது, பதிவேடு, தகவல், ஆவணம் என்று தேடுங்கள். மலேசிய நூலகர் சங்கத்தில் மாணவராக இருக்கும்போதே சேருங்கள்.

பயிற்சிக்காலத்துக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தைக் கேட்டுப் பாருங்கள். தனியார் தொகுப்புகளையும் அங்கே ஏற்றுப் பாதுகாக்கிறார்கள். ஆலயமோ குடும்பமோ மூலத்தை ஒப்படைக்கச் சம்மதித்தால், யார் கொடுத்தது, யார் பார்க்கலாம், படி யாரிடம் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பெட்டியை ஊரைவிட்டு அனுப்புங்கள்.